வெள்ளித்துறைக்கு ஜீப் போன வழி

தூத்துக்குடிப் பணிமனையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டிரைவர் போன வாரம் ஆள் அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். வெள்ளித்துறைத் தேரி மணலை எந்தக் கியரில் கடப்பது? வந்த ஆள் வாசலிலேயே நின்றார். பதிலைக் கையோடு வாங்கி வரச் சொல்லியிருப்பார்கள் போலும். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் அந்த மணலில் இறங்குவதை நினைத்தபோது மனம் ஒப்பவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் எதிரில் இருப்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனிக்கிறார்கள். யுத்தத்துக்காக எடுக்கப்பட்ட பெண்களின் வேலை முடிந்தது என்று உத்தரவு வந்தது. சாவிகளைக் கொடுத்தேன், ஸ்பானர்களைத் துடைத்துக் கொடுத்தேன், காக்கி மேலங்கியைத் துவைத்து மடித்துக் கொடுத்தேன். இப்போது ஏரலில் எங்கள் வீட்டில் இருக்கிறேன். கடைத்தெருப் பக்கம் ஏதாவது மோட்டார் போனால், பார்க்காமலேயே, இடது பின் சக்கரத்தில் காற்று குறைவு என்று மனம் தானாகச் சொல்லிக்கொள்கிறது. வேலை போன பிறகும் காது மட்டும் பணிமனையிலேயே இருக்கிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெங்களூரில் ஒரு தகரக் கொட்டகை. எஞ்சினைப் பிரித்தோம், பூட்டினோம், மறுபடியும் பிரித்தோம். யுத்தம் முடிந்ததும் தூத்துக்குடிப் பணிமனைக்கு அனுப்பப்பட்டேன். பட்டாளத்தில் மிஞ்சிய ஜீப்புகள் அப்போது ரயிலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை வைத்தியர் வண்டியாக மாற்றி, ஆஸ்பத்திரி இல்லாத ஊர்களுக்கு வாரம் ஒரு முறை அனுப்புவதாக ஏற்பாடு. எந்த ஊருக்கு அது போகும், எந்த ஊருக்குப் போகாது என்று ஓட்டிப் பார்த்து எழுதுவது என் வேலை. நான் "போகாது" என்று எழுதினால் அந்த ஊருக்கு வைத்தியர் இல்லை. வேலை இவ்வளவுதான்.

தார்ச் சாலையில் ஜீப் நல்ல வண்டி இல்லை. இதைச் சொன்னால் இளைஞர்களுக்கு வருத்தமாக இருக்கிறது. பாளையங்கோட்டைச் சாலையில் அதை விரட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் நடுங்கும். டயரின் கட்டைகள் தாரில் பட்டு, வண்டு ஒன்று காதுக்குள் புகுந்துகொண்டதுபோல் ஓயாமல் ரீங்கரிக்கும். அடியிலுள்ள வில்பட்டைகள் கடினம், சிறு பள்ளமும் முதுகெலும்பில் வந்து கணக்குச் சொல்லும். கதவு இல்லை, ஆகவே காற்று, தூசி, எதிரே வரும் மாட்டு வண்டியின் வைக்கோல் எல்லாம் மடியில்தான் விழும். நான்கு சக்கரத்தையும் இயக்கும் கம்பியைத் தாரில் மட்டும் தொடவே கூடாது. மணலில் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கும். தாரில் விட்டுக்கொடுக்க இடமில்லை, கியர்ப்பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

சாலை முடிந்து மண் தொடங்கும் இடத்தில்தான் ஜீப்பின் குணம் மாறும். உப்பளங்களின் வரப்பில் காலை நேரத்தில் ஓட்டியிருக்கிறேன். இரண்டு பக்கமும் பாத்திகளில் வானம் கிடக்கும். எங்கோ ஒரு பெண் வாரிப் பலகையால் உப்பை இழுக்க, அந்த வானம் சுருங்கி விரியும். வரப்பு என் சக்கரங்களுக்கு அளவெடுத்துப் போட்டதுபோல் குறுகல். தவறினால் மேலே பொருக்கு, கீழே சேறு. ஆனாலும் அந்தச் சில நிமிடங்களில் கீழே பூமி இருப்பதே மறந்துவிடும். கடற்கரை ஈரமணலும் அப்படித்தான். அலை வாங்கிப்போன இடத்தில் ஓட்டினால் எஞ்சின் சத்தத்தைக் கடல் எடுத்துக்கொள்ளும். திரும்பிப் பார்த்தால் வந்த தடம் இருக்காது. அடுத்த அலை அழித்திருக்கும். நாம் எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவில்லை என்று தோன்றும். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துத்தான் நினைவுக்குத் திரும்புவேன்.

எங்கள் மேற்பார்வையாளர் ஞானமுத்து சாருக்கு இப்படிப்பட்ட வார்த்தைகள் ஆகாது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர், எப்போதும் ஒரு கறுப்புக் குடை. சோதனை ஓட்டங்களில் முன் இருக்கையில் உட்கார மாட்டார். பின்னால், மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு டிரைவர் கியரைக் கரகரவென்று மாற்ற, "பல்லு வலிக்குது" என்றாராம், கண்ணைத் திறக்காமலே. வண்டி நின்றதும் இறங்கி, காய்ச்சல்கார நெற்றியைத் தொடுவதுபோல, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்திலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். புறங்கைக்குத்தான் சூடு சரியாகத் தெரியும் என்பார். நான்கையும் தொட்ட பிறகே கேள்வி வரும்.

"வண்டி என்ன சொல்லுது, கனியம்மா?"

சேர்ந்த புதிதில் "நல்லா ஓடுது சார்" என்றேன்.

"நல்லான்னா என்ன?"

மேட்டில் இழுவை குறையவில்லை, பிரேக் ஒரு பக்கம் இழுக்கவில்லை, தண்ணீர் கொதிக்கவில்லை என்று அன்று சொல்லக் கற்றுக்கொண்டேன். என் அறிக்கைகளில் நல்ல, மோசமான, அழகான போன்ற சொற்கள் அதன் பிறகு வரவில்லை.

அவருக்கு ஒரு விதி உண்டு. சோதனை ஓட்டத்தில் வண்டியை யாரும் தள்ளக்கூடாது. மாடு கட்டி இழுக்கக்கூடாது. ஒரு கை பட்டாலும் அந்த ஊர் "போகாது" பட்டியலில் சேர்ந்துவிடும். பணிமனை மூடுவதற்குள் திரும்பியும் வர வேண்டும்.

"நாலு பேரு கை குடுத்தா ஏறிடுமே சார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்த நாலு பேரும் சங்கு குளிக்கிற காலத்துல கடலுக்கு அடியில இருப்பாங்க. வைத்தியரும் டிரைவரும்தான் வருவாங்க. மருந்துப் பெட்டியா வந்து தள்ளும்?"



வெள்ளித்துறையிலிருந்து பிலோமினா வந்தது ஒரு மாசிக் காலையில். நாற்பது வயதிருக்கும். பணிமனை வாசலில், ஒரு கையைக் கண்ணுக்கு மேல் கூரைபோல வைத்துக்கொண்டு நின்றார். வலை முடிவது அவர் தொழில். வெள்ளித்துறையில் ஆண்கள் சங்கு குளிப்பார்கள், மீன் பிடிப்பார்கள். அவர்களுக்கு வலை முடிந்து கொடுப்பவர்களில் இவர் கை பேர்போனது. வலது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. இடது கண் இமையெல்லாம் புண்ணாகி, காலையில் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. வாரந்தோறும் வைத்தியர் கையால் கழுவி மருந்து விட்டால் இடது கண் தப்பும் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் வெள்ளித்துறைக்கும் பஸ் போகும் சாலைக்கும் நடுவே தேரி கிடக்கிறது. காற்று மேடு கட்டிப் பள்ளம் பறிக்கும் செம்மணல் காடு. ஒவ்வொரு வாரமும் அதைக் கடந்து வந்து போனால், மருந்து விட்ட கண்ணில் போகும்போதே மணல் விழுகிறது.

"அந்தச் சின்ன மோட்டாரு மணல்ல போவுமாமே?" என்று கேட்டார்.

"போகலாம். போகாமலும் இருக்கலாம்" என்றார் சார்.

"இது என்ன பதிலுய்யா? எங்க மீன் ஏவாரியே இதவிட நேராப் பேசுவானே!"

பணிமனையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். சார் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "பங்குனியில வாறோம். மணல் ரொம்பக் காஞ்சு இருக்கிறது அப்பத்தான். அதுல போனா எப்பவும் போகும்" என்றார். பிறகு தன் விதியையும் சொன்னார். பிலோமினா தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அன்னைக்கு ஊர்க்காரன் எவன் கையும் படக்கூடாது. அம்புட்டுதானே? பாத்துக்கிடுதேன்."

போகும்போது என்னிடம் நின்றார். "ஏளா, நீதான் ஓட்டுவியா?"

"ஆமாக்கா."

"இந்தக் கண்ணு போச்சுன்னா ஊசி புடிக்க முடியாது பிள்ள. முடிச்சு தெரியணும்லா."

பங்குனியில் ஒரு காலை புறப்பட்டோம். வைத்தியருக்கும் மருந்துப் பெட்டிக்கும் ஈடாக மணல் மூட்டைகள், அவற்றின் நடுவே ஞானமுத்து சார். சாலையோரம் நிறுத்தி நான் செய்தவை: டயர்களில் காற்றைப் பாதியாகக் குறைத்தேன், நான்கு சக்கரமும் இயங்க முன் அச்சின் கம்பியைப் போட்டேன், சிறு கியரின் கம்பியையும் போட்டேன், ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்த்தேன். காற்று இறங்கிய டயர் மணலில் பரந்து உட்காரும், ஒட்டகத்தின் பாதம்போல. இரண்டாவது கியரில் இறங்கினேன்.

தேரியில் சக்கரம் உருளுவதாகவே தோன்றாது. வண்டி நீந்தும். முகப்பு மெல்ல எழும், அமரும், பக்கவாட்டில் நழுவும். ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்கக்கூடாது, கை அதன் மேல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். சிவப்பு மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, போயின. பனைகள் தூரத்தில் அசையாமல் நின்றன. நாங்கள்தான் அசைகிறோமா என்பதும் சந்தேகமாக இருந்தது. வெயிலில் மணலுக்கு மேல் காற்று தண்ணீர்போல நெளிந்தது. அந்தத் தண்ணீருக்கு அப்பால் வெள்ளித்துறைக் கோயிலின் சிலுவை மிதந்துகொண்டிருந்தது. இவ்வளவு சிவப்புக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு. அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எஞ்சின் ஒரே சுருதியில் இருந்தது. சார் கண்ணைத் திறக்கவில்லை.

கடைசி மேட்டின் உச்சியில் ஏறியபோது கீழே பள்ளம் முழுவதும் பச்சையாக இருந்தது.

பனையோலை. புதிதாக வெட்டியது, மட்டையோடு. பள்ளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நெருக்கமாகப் பரப்பியிருந்தார்கள். இரு பக்கமும் பனையேறிகள் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் வெள்ளித்துறைப் பெண்கள். கல்யாணப் பந்தலுக்கு வருபவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணல் இறக்கத்தில் பிரேக் போட்டால் மூக்குக் குத்திப் புதையும். வண்டி ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டது. ஓலையின் மேல் போனது. முதலில் மடமடவென்ற சத்தம், பிறகு சீறல், மேலும் ஒரு சீறல். பள்ளத்தின் அடியில் நின்றோம்.

பனை மட்டையின் இரு விளிம்பிலும் கருக்கு இருக்கும், ரம்பப் பல்போல. காற்று இறக்கிய டயரின் பக்கங்கள் பிதுங்கியிருந்ததால் கருக்கு நேராக அங்கே பாய்ந்திருந்தது. முன் டயர்கள் இரண்டும், பின்னால் வலது டயரும் போயின.

அந்த நிமிடம் சுற்றி நின்ற எல்லோரும் வண்டியை நோக்கி ஓடி வந்தார்கள். வண்டி சிக்கிக்கொண்டால் தள்ள வேண்டும். அது அவர்கள் கைகளுக்குத் தெரிந்தது.

நான் இருக்கையின் மேல் ஏறி நின்றுவிட்டேன். "கை வைக்காதீங்க! யாரும் தொடாதீங்க! தொட்டா வைத்தியர் வரமாட்டாரு!"

கைகள் அந்தரத்தில் நின்றன. ஒரு ஆள் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு பெண் அக்குளில் செருகிக்கொண்டார். சிலர் என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டபடியே நின்றார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பிலோமினா வந்தார். கண்ணுக்கு மேல் அதே கை. சக்கரத்தருகே குனிந்து, ஓலையைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"வே சுடலமுத்து! எங்க வே இருக்கீரு?"

பனையேறிகளில் மூத்தவர் ஒருவர் முன்னால் வந்தார். மார்பிலும் கால்களிலும் பனை உரசித் தழும்பேறிய மனிதர்.

"இது உம்ம வேலதானா?"

"நேத்துப் பூரா வெட்டிப் போட்டோம். வழி நல்லாருக்கட்டும்னுதான். தள்ளக்கூடாதுன்னீங்க, தள்ளல. வழி போடக்கூடாதுன்னு சொன்னீங்களா?"

"கருக்கோட போட்டிருக்கீரே வே!"

"மாட்டு வண்டிக்கு எப்பவும் கருக்கோடதான் போடுதோம். கருக்குதான் மணலப் புடிக்கும். சக்கரம் வழுக்காது."

"மாட்டு வண்டிக்கு இரும்புப் பட்டா வே! இது ரப்பரு. உம்ம காலு மாதிரி அதுக்கும் காப்புக் காச்சிருக்குன்னு நெனச்சீரா?"

"பட்டாளத்து வண்டின்னாவ. சண்டைக்குப் போன வண்டிக்குக் காலு இம்புட்டு மெதுன்னு நான் எங்க கண்டேன்?"

யாரோ சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை. சுடலைமுத்து அண்ணாச்சியும் சிரிக்கவில்லை. அவர் டயரைப் பார்த்துக்கொண்டே நின்றார், மாடு கால் ஒடிந்து கிடப்பதைப் பார்ப்பவர்போல.

பின்னாலிருந்து குடை விரியும் சத்தம் கேட்டது. சார் இறங்கவில்லை. நிழலுக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"வண்டி என்ன சொல்லுது, கனியம்மா?"

"மூணு சக்கரத்துல காத்து இல்ல சார்."

"மத்தது?"

"எஞ்சின் சரி. அச்சு ரெண்டும் சரி. தண்ணி கொதிக்கல. ஸ்டியரிங் சரி."

"அப்ப வண்டி நிக்கல. டயருதான் நிக்குது." கண்ணை மூடிக்கொண்டார்.

ஓட்டம் முடிந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

ஜாக்கி மணலில் இறங்காமலிருக்க அடியில் பலகை வைத்துச் சக்கரங்களைக் கழற்றினேன். மாற்றுச் சக்கரம் ஒன்று உண்டு. அது பின்னால் போயிற்று. முன்னால் இரண்டுக்கும் வழியில்லை. ட்யூப்களை வெளியே எடுத்தேன். ஒட்டுப் போட்டால் ஒன்றிரண்டு துளைக்குப் போடலாம். இவை வரிசையாகக் கிழிந்திருந்தன. டயர் மட்டும் உருவம் கெடாமல் இருந்தது. காற்றுக்குப் பதிலாக உள்ளே எதையாவது அடைக்க வேண்டும். எதை என்று யோசித்தேன். மணலை அடைத்தால் கனம், கிழிசல் வழியே கொட்டிவிடும். வைக்கோல் அந்தப் பக்கத்தில் இல்லை. ஓலை நொறுங்கும். பனை நார் விறைப்பு, ஓட ஓட ஒரு பக்கமாக ஒதுங்கும். மெத்தென்று இருக்க வேண்டும், அழுத்தினால் அமுங்கி மறுபடி எழ வேண்டும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும்.

"அக்கா, பழைய வலை இருக்கா?"

"எம்புட்டு வேணும்?"

"ரெண்டு டயரு நிறைய. இறுக்கமா."

"திரும்பி வருமா?"

"வராது. அரைஞ்சு பஞ்சாயிரும்."

பிலோமினா ஊர்ப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். பெண்கள் ஓடினார்கள். கிழிந்த வலைகள் தலைச்சுமையாக வந்து சேர்ந்தன, மக்காமலிருக்கப் பட்டைச்சாறு ஏற்றிக் கறுத்த பருத்தி நூல், உப்பும் மீனும் மணக்க. டயரின் உள்ளே சுற்றிச் சுற்றி வைத்து, குதிகாலால் மிதித்து, மேலும் வைத்தார்கள். அந்த மிதியை நான் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. வலையைக் கூடையில் அடக்கும் மிதி அது. ஒரு டயர் விளிம்புவரை நிறைந்தது. இரண்டாவதில் பாதி வந்ததும் வலை தீர்ந்துவிட்டது.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிலோமினா தன் குடிசைக்குப் போய் வந்தார். கையில் இருந்தது பழைய வலை இல்லை. பாதி முடிந்த புது வலை.

"ஏக்கா, அது வேண்டாம்" என்றார் ஒரு பெண்.

"மீதிப் பாதிய யாரு முடியப் போறா? எனக்கு முடிச்சு தெரிஞ்சாத்தானே. வாங்குளா."

பட்டாளத்து ஜீப்பின் சக்கரத் தட்டு இரண்டாகப் பிரியும், சுற்றிலும் நட்டுகள். இரண்டு பெண்கள் டயரை நசுக்கிப் பிடிக்க, நான் நட்டுகளை எதிரெதிராக முடுக்கினேன். இதற்கிடையே சுடலைமுத்து அண்ணாச்சியும் அவர் ஆட்களும் பள்ளத்தில் கிடந்த ஓலையெல்லாம் பொறுக்கி அப்புறப்படுத்தினார்கள். கருக்கைச் செதுக்கிவிட்டு வெறும் ஓலையை மறுபடி விரிக்கட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் அந்த ஓலை இருக்காது. வெறும் மணலில்தான் வண்டி போக வேண்டும்.

சக்கரத்தை மாட்டும்போது பிலோமினாவுக்கு ஒரு பயம் வந்துவிட்டது. சாரைப் பார்த்து, "ஐயா, இப்பம் நாங்க தொட்டோம்லா? ஆனா வண்டியத் தொடல. டயரு தனியா கெடக்கும்போதுதான் தொட்டோம்" என்றார்.

சார் ஒரு கண்ணைத் திறந்தார். "வண்டி தானா நகரணும். அதுதான் விதி. டயருக்குள்ள என்ன இருக்கணும்னு நான் ஒண்ணும் சொல்லலியே."

எஞ்சினைக் கிளப்பினேன். கூட்டம் முழுவதும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றது. கிளச்சை விட்டபோது வண்டி ஒரு நொடி யோசித்தது. முன் சக்கரங்கள் மணலை மென்றன. பிறகு, இழுப்பும் உதறலும் இல்லாமல், யாரோ அடியில் கை கொடுத்துத் தூக்குவதுபோல, பள்ளத்தின் எதிர்க்கரையில் ஏறியது. வலை அடைத்த டயர் மணலில் புதையவில்லை. காற்றடித்த டயரைவிட அகலமாகவே உட்கார்ந்தது. மேட்டின் மேலே கடல் திடீரென்று எழுந்து நின்றது, நீலமாக, மிகப் பக்கத்தில். வெள்ளித்துறை மணலில் வண்டியை நிறுத்தினேன். கோயில் மணியை யாரோ அடித்துவிட்டார்கள். என்ன பண்டிகை என்று கேட்டுக்கொண்டு ஒரு கிழவர் வெளியே வந்தார்.

சார் இறங்கி நான்கு சக்கரத்தின் குடத்திலும் புறங்கையை வைத்தார். "திரும்புங்க" என்றார்.

தேரியை மறுபடி கடந்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அது அவ்வளவு எளிதாக இருந்தது. கஷ்டம் தார்ச் சாலையில் காத்திருந்தது. சாலைக்கு வந்ததும் முன் அச்சின் கம்பியை எடுத்துவிட்டு, பின் டயர்களுக்குப் பம்பினால் காற்றடித்தேன். முன் சக்கரங்கள் தாரில் திம்திம் என்று மத்தளம்போல அடித்தன. ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டியிருந்தது. வலை உள்ளே உரசி உரசிச் சூடாயிற்று. எங்காவது குட்டையைக் கண்டால் நிறுத்தி டயரில் தண்ணீர் ஊற்றினோம். ஆவி கிளம்பியது. நடப்பவர் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே ஊர்ந்து தூத்துக்குடிக்குள் நுழைந்தபோது, சூட்டில் அந்த வலைகள் பிடித்த மீனெல்லாம் மணக்கத் தொடங்கிவிட்டன. துறைமுகத்துக்குப் போகும் தெருவில் முதலில் ஒரு பூனை வந்தது. பிறகு ஐந்தாறு. வால்களைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் வரிசையாக நடந்தன.

"அண்ணாச்சி, கருவாட்டு வண்டிக்கா லேடி டிரைவரு?" என்று ஒரு லாரிக்காரர் கத்தினார்.

சார் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் குடையின் கைப்பிடி அவர் மடியில் குலுங்கியது. அவர் சிரித்து நான் அறிந்தது அந்த ஒருமுறைதான்.

பணிமனைக் கதவைச் சாத்துவதற்காகக் காவலர் பாதி இழுத்திருந்தார். உள்ளே நுழைந்துவிட்டோம்.

அன்றே அறிக்கை எழுதினேன். காற்று எவ்வளவு குறைத்தது, எந்தக் கியர், எந்த இடத்தில் எதனால் டயர் போயிற்று, உள்ளே என்ன அடைத்தது, தாரில் எவ்வளவு சூடேறியது. கடைசி வரியாக, "யாரும் தள்ளவில்லை" என்று எழுதினேன். சார் நின்றபடியே படித்தார்.

"ஓலை போட்டிருந்தத எழுதினீங்களா?"

"எழுதியிருக்கேன் சார்."

"அந்தப் பாதி வலைய?"

"அதையும்."

அவர் பென்சிலை எடுத்து, வைத்தியர் வண்டிக்கான வாராந்தரப் பலகைக்குப் போனார். வியாழக்கிழமைக்கு எதிரே வெற்றிடமாக இருந்தது. அதில் எழுதினார்: வெள்ளித்துறை.

போன மாதம் வரை வியாழக்கிழமைகளில் நான்தான் ஓட்டினேன். பிலோமினாவின் வலது கண் திரும்பவில்லை. அது திரும்பாது என்று வைத்தியர் முதல் நாளே சொல்லிவிட்டார். இடது கண்ணைக் கழுவி மருந்து விடும்போது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வைத்தியரைத் திட்டுவார். மழைக்காலம் முடிந்து ஒரு வியாழக்கிழமை, ஒரு மூட்டையைத் தூக்கி வண்டிக்குள் போட்டார். வலை. இரண்டு டயருக்கு அளவாக முடிந்தது.

"இது மீனுக்கு இல்ல, டயருக்கு. மொதல்ல வைத்தியரு வந்த அன்னைக்கு ஆரம்பிச்சது" என்றார்.

இனி, டிரைவர் கேட்ட கேள்விக்குப் பதில். டயரில் பாதிக் காற்று, முன் அச்சு, சிறு கியர், இரண்டாவதில் இறங்குங்கள். மணலில் கியரை மாற்றாதீர்கள். வழியில் யாராவது பச்சை ஓலை பரப்பி வைத்திருந்தால், மேட்டின் இந்தப் பக்கமே நிறுத்தி, கும்பிட்டு, எடுத்துவிடச் சொல்லுங்கள். சுடலைமுத்து அண்ணாச்சி கோபித்துக்கொள்ள மாட்டார். பின் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் பிலோமினாவின் வலை இருக்கிறது. இதுவரை தேவைப்படவில்லை. யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். ஒருநாள் ஓய்வாக இருக்கும்போது அதை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஒரு ஓரத்தில் முடிச்சுகள் கோணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும். அங்கிருந்து கையால் தடவிக்கொண்டே, முடிச்சுகள் ஒரே அளவாகும் மறு ஓரத்துக்கு வாருங்கள்.